அடங்காத குதிரைக்கு முள் கடிவாளம் போடலாமா?

மயிலாடுதுறை மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு வாசகர் தம் குதிரையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் அவர் ஒரு குதிரை வாங்கினார். ஏழு வயது, கத்தியவாரி இனக் கலப்பு, காயடித்த ஆண். தை மாதம் திருக்கடையூர், தரங்கம்பாடி சாலையில் நடக்கும் ரேக்ளா பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. மைத்துனர்தான் சாரதி. நடக்கும்போது குதிரை சாதுவாக இருக்கிறது. ஓட்டம் எடுத்துவிட்டால் நிற்பதில்லை. ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள் வண்டி பூட்டியபோது, எதிரே வந்த டிராக்டர் ஹாரன் அடித்ததும் வாய்க்கால் கரையில் பாய்ந்து ஓடியது. மதகுச் சுவரில் சக்கரம் மோதிய பிறகுதான் நின்றிருக்கிறது. மைத்துனருக்குத் தோள் மூட்டு இறங்கிவிட்டது. குதிரையின் கடைவாயில் ரத்தம்.

இப்போது போட்டிருப்பது நடுவில் ஒரே மூட்டு உள்ள இரும்புக் கடிவாளம். வலிக்கக்கூடாது என்று சைக்கிள் டியூபை வெட்டி அதன் மேல் சுற்றியிருக்கிறார். குதிரை வாயைத் திறப்பதால் மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார். “வாய் மரத்துப்போன குதிரை இது, முள் கடிவாளம் போட்டால்தான் நிற்கும்” என்கிறார் ஊரில் ஒரு பழைய சாரதி. சேணக் கடைக்காரரோ நீண்ட தண்டும் தாடைச் சங்கிலியும் வைத்த கடிவாளம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். எதை வாங்குவது என்பது வாசகரின் கேள்வி. பதின்மூன்று வயது மகனும் வண்டியில் ஏறக் கேட்கிறானாம்.

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் மைத்துனர். ஒருமுறை இறங்கிய தோள் மூட்டு மறுபடியும் எளிதில் இறங்கும். எலும்பு மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் லகானைத் தொட வேண்டாம்.

நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் இப்போது வாங்காதீர்கள். முள் கடிவாளம் எந்தக் குதிரைக்கும் ஆகாது. நீண்ட தண்டு வைத்தது உங்கள் குதிரை இன்று இருக்கும் நிலையில் ஆகாது. முந்நூறு கிலோவுக்குக் குறையாத ஓர் உடலை, அது ஓடுவதென்று முடிவு செய்த பிறகு, வாயில் உள்ள எந்த இரும்பும் பிடித்து நிறுத்தாது. வலி வந்தால் ஓடித் தப்பிப்பதுதான் குதிரையின் இயல்பு. ஓடுகிற குதிரைக்கு வாயில் வலியைக் கூட்டினால் அது இன்னும் ஓடும். உங்கள் வாய்க்கால் கரையில் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். ஹாரன் சத்தம் அதைக் கிளப்பிவிட்டது. புண்பட்ட வாயில் மைத்துனர் முழுப் பலத்தோடு இழுத்த இழுப்பு அதை நிற்கவிடாமல் துரத்தியது.

வாய் மரத்துப்போகவில்லை

பழைய சாரதியின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘மரத்த வாய்’ என்ற எண்ணம் தவறு. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காரும் இடம் அது. அங்கே கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதன் மேல் மெல்லிய ஈறு ஒன்றுதான் போர்வை. நாள்தோறும் இரும்பு அழுத்தினால் ஈறு கன்றும், பிறகு புண்ணாகும். எலும்பின் மேலுறை அழற்சி கண்டு, நாளடைவில் அங்கே எலும்பே முண்டாக வளர்வதும் உண்டு. அப்படிப்பட்ட வாயில் உணர்ச்சி அற்றுப்போவதில்லை. வலிக்கிற இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் குதிரை கழுத்தை விறைத்து இரும்பின் மீது சாயக் கற்றுக்கொள்கிறது. லகானைப் பிடித்திருப்பவருக்கு அது மரத்த வாயாகத் தெரிகிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு கால்நடை மருத்துவர் அந்த வாயைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்து மருந்தகத்தில் குதிரைப் பல்லுக்குரிய கருவிகள் இல்லையென்றால், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். லேசாக மயக்க ஊசி போட்டு, வாய் திறப்பான் வைத்துப் பார்த்தால்தான் கடைசிப் பல்வரை தெரியும். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது, நாக்கும் காயப்படும்.

மருத்துவரிடம் மூன்றை மறக்காமல் கேளுங்கள். மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறிய பல் ஒன்று இருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். இரும்பு அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். மருத்துவர் அதை எடுத்துவிடலாம். அடுத்தது, கடைவாய்ப் பற்களின் விளிம்பு. மேல்பற்களில் கன்னப் பக்கமும் கீழ்ப்பற்களில் நாக்குப் பக்கமும் கத்திபோல் கூர்மை ஏறும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். சாணத்தில் கொள்ளு முழுசாக வருகிறதா, தின்னும்போது புல்லை உருட்டி உருட்டிக் கீழே போடுகிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டும் பல் கோளாறின் அடையாளங்கள். மூன்றாவது, நான் சொன்ன ஈறு விளிம்பில் கன்றலோ முண்டோ இருக்கிறதா என்பது.

மூக்குப் பட்டையை உடனே தளர்த்துங்கள். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பல் கூர்மையாக இருக்கும் வாயில் பட்டையை இறுக்கினால் கன்னத்தின் உட்புறம் அந்தப் பற்களில் அறுபடும். வாயைத் திறப்பது, நாக்கை இரும்புக்கு மேலே போட்டுக்கொள்வது, தலையை உதறுவது எல்லாம் உங்கள் குதிரை வலிக்கிறது என்று சொல்லும் வழிகள். பட்டையை இறுக்கினால் சொல்வது நின்றுவிடும், வலி நிற்காது.

ரத்தம் வந்த கடைவாய்க்கு இரண்டு வேலைகள். லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் நாளைக்கு இரண்டுமுறை கழுவுங்கள். மயில்துத்தம் போன்ற எரிக்கும் மருந்து எதையும் வாய்க்குள் தடவ வேண்டாம். அதைவிட அவசரமானது டெட்டனஸ் தடுப்பூசி. டெட்டனஸ் கிருமிக்கு வீட்டு விலங்குகளிலேயே அதிகமாகப் பலியாவது குதிரை. கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. சந்தையில் வாங்கிய குதிரைக்கு முன்பு ஊசி போட்டார்களா என்பது உங்களுக்குத் தெரியாது; போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

புண் ஆறும்வரை அந்த வாயில் இரும்பே வேண்டாம். மென்மையான தலைக்கயிறு மட்டும் போட்டுக் கையில் பிடித்து நடத்துங்கள். கடிவாளம் இல்லாமல் வண்டி பூட்டக்கூடாது.

மழையும் கொள்ளும்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “மழையில் வெளியே விட முடியவில்லை, ஆனால் தீனியில் குறை வைக்கவில்லை, நாளுக்கு மூன்று கிலோ கொள்ளு.” கடிவாளத்தைவிட இந்த வரிதான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து நிலைமை உங்களுக்கே தெரியும். வயல் முழுக்கச் சம்பா நிற்கும், வரப்பு வழுக்கும், திடலெல்லாம் நீர். குதிரை வாரக்கணக்கில் லாயத்தில் நிற்கிறது. பந்தயத்துக்குத் தயாராகும் குதிரையின் தீனியை நின்றபடியே தின்கிறது. பிறகு ஒருநாள் வெயில் தெரிந்ததும் வண்டி பூட்டித் தார்ச்சாலைக்குக் கொண்டுபோகிறீர்கள். அந்த நிலையில் எந்தக் குதிரையும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். ஒரு ஹாரன் போதும்.

இதில் ஓட்டத்தைவிட மோசமான ஆபத்தும் ஒன்று உண்டு. முழுத் தானியத் தீனியோடு ஓய்வில் இருந்த குதிரையைத் திடீரென்று வேலை வாங்கினால் தொடை, பிட்டத் தசைகள் கல்லாக இறுகிவிடலாம். குதிரை வியர்த்து நடுங்கும், அடி எடுத்து வைக்காது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்படி நேர்ந்தால் நடத்திப் பார்க்காதீர்கள். நின்ற இடத்திலேயே வைத்து மருத்துவரை அழையுங்கள்.

வேலையில்லாத நாளில் கொள்ளைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். வயிற்றைப் புல்லாலும் உலர்தீனியாலும் நிரப்புங்கள். ஈரம் கழித்த கணக்கில், உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது நார்த்தீனி வேண்டும். முந்நூறு கிலோக் குதிரைக்கு அது நாலரைக் கிலோ உலர்தீனி. பச்சைப்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் பச்சையாகப் போட்டால் இருபது கிலோ அளவுக்கு ஆகும். மழை விடுகிற நேரமெல்லாம் காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்துங்கள். வேலை கூடினால் கொள்ளைக் கூட்டலாம். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள். குதிரையின் வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது.

எந்த இரும்பு

வாய் ஆறி, மருத்துவரும் சரி என்ற பிறகு கடிவாளம் பார்க்கலாம்.

நடுவில் ஒரே மூட்டு உள்ளது தவறான கடிவாளம் அல்ல. உலகம் முழுக்க அதுதான் அதிகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பலமாக இழுக்கும்போது மூட்டு மடிந்து மேலண்ணத்தில் இடிக்கலாம். இரண்டு பக்கமும் தாடையை நெருக்கும். இழுக்கிற குதிரைக்கும் இழுக்கிற கைக்கும் அது பொருத்தமில்லை. டியூப் சுற்றியதில் உங்கள் அக்கறை புரிகிறது. இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள். வாய் மூடியிருக்கும்போது நாக்கே உள்ளே உள்ள இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். அந்த இடுக்கில் தடித்த இரும்பு நாக்கை நசுக்கும். தடிமன் கூடினால் மென்மை கூடும் என்பது பெரிய வாயுள்ள குதிரைகளுக்கு ஓரளவு பொருந்தும். கத்தியவாரி கலப்பின் சிறிய வாய்க்குப் பொருந்தாது. கடித்துக் கடித்து டியூப் கிழிந்தால் அந்த விளிம்பும் அறுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது, இரண்டு மூட்டுகளும் நடுவில் வழுவழுப்பான சிறு குமிழும் உள்ள ஸ்னாஃபில் வகை, அதாவது நெம்பும் தண்டு இல்லாமல் லகானை நேரே வளையத்தில் கட்டும் கடிவாளம். அது நாக்கின் மேல் வளைந்து படியும். வளையத்தோடு கீழ்நோக்கி ஒரு கரண்டித் தண்டு இருக்கும் அரைக்கன்ன வடிவம் கிடைத்தால் வண்டிக்கு அதுவே நல்லது. லகானை ஒருபக்கம் இழுக்கும்போது வளையம் வாய்க்குள் நழுவாது, சேணத்து வார்களிலும் மாட்டிக்கொள்ளாது. துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். முலாம் பூசியது உரிந்து விளிம்பு காட்டும்.

அளவு எடுக்க, கடிவாளம் உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய குச்சியை வைத்து இரண்டு உதட்டு ஓரங்களிலும் குறியிடுங்கள். அந்த நீளத்தோடு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் சேர்த்தால் போதும். குறைந்தால் கடைவாயை நெருக்கும். மிகுந்தால் பக்கவாட்டில் ஓடித் தேய்க்கும். மாட்டியபின் கடைவாயில் லேசாக ஒரு சுருக்கம் விழ வேண்டும். சுருக்கம் இரண்டு மூன்றாக ஏறினால் தலைவாரை ஒரு துளை இறக்குங்கள்.

கடைக்காரர் காட்டிய தண்டுக் கடிவாளத்தைப் பற்றி. நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தால் அது லிவர்பூல் வகை. வண்டிக் குதிரைகளுக்கு வெகுகாலமாக உள்ளதுதான். கெட்ட கருவி இல்லை. ஆனால் அது நெம்புகோல். இரும்புக்கு மேலே உள்ள தண்டு ஐந்து சென்டிமீட்டர், கீழே லகான் கட்டும் துளைவரை பத்து சென்டிமீட்டர் என்றால், கையில் இழுக்கும் ஒரு கிலோ தாடைச் சங்கிலியில் இரண்டாகவும் வாயில் மூன்றாகவும் விழும். லகானைக் கீழ்த்துளையில் கட்டாமல் வளையத்திலேயே கட்டினால் நெம்பு விசை ஏறக்குறைய இல்லை. வாய் ஆறி, ‘நில்’ என்றால் நிற்கப் பழகிய குதிரைக்கு, நிதானமான கை உள்ள பெரியவர் ஒருவர் வளையத்தில் லகான் கட்டி அதை ஓட்டலாம். தண்டு நாற்பத்தைந்து பாகைக்குப் பின்னால் வரும்போதுதான் சங்கிலி தாடையைத் தொட வேண்டும். கீழ்த்துளை உங்களுக்கு வேண்டாம். ஓடும் வண்டியில் பயந்த மனிதர் கீழ்த்துளையில் இழுத்தால் தாடையே புண்ணாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. குதிரைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது. மூக்குதான் ஒரே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு. கடுமையான கடிவாளத்தில் தாடை மார்பை நோக்கி மடங்கினால் தொண்டை குறுகி, மூச்சு அடைபடும். பந்தயத்தில் வெல்ல நினைப்பவருக்கும் இது நஷ்டம்தான்.

லகான் பிடிக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். விடாமல் இழுத்துப் பிடித்தால் குதிரை அதன் மேல் சாய்ந்துகொள்ளும். இழுத்து, உடனே தளர்த்தி, மறுபடி இழுங்கள். தளர்த்துகிற அந்தக் கணத்தில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. முதல் சில வாரங்கள் வண்டி இல்லாமல், நீண்ட லகான் பிடித்துப் பின்னால் நடந்தே பழக்குங்கள். ‘நில்’ என்ற சொல்லுக்கு நின்றால் கை உடனே தளர வேண்டும். டிராக்டர், ஹாரன், மேளச்சத்தம் எல்லாவற்றையும் முதலில் தொலைவிலிருந்து காட்டி, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். லகானைக் கையில் சுற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். மைத்துனரின் தோள் இறங்கியதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். வண்டியில் பூட்டியிருக்கும்போது எதற்காகவும் கடிவாளத்தைக் கழற்றாதீர்கள்.

சட்டம், பந்தயம், மகன்

முள் கடிவாளம் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகளில் 8ஆவது விதி, முள்ளோ முண்டோ உள்ள கடிவாளத்தையும் சேணத்தையும் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் குதிரை கட்டுமீறி ஓடும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே சாலையில் கொண்டுபோய் யாருக்காவது ஆபத்து விளைந்தால், விலங்கைக் காப்பதில் கவனக்குறைவு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு உங்கள் மேல் பாயலாம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. காளைகளுக்காகத் தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் குதிரைக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது காளைகளைப் பற்றியது.

பந்தயத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: இந்தத் தையில் ஓட்டாதீர்கள். இருப்பது இரண்டு மாதம். வாய்ப்புண் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். எலும்பு கன்றியிருந்தால் இன்னும் கூடும். பிறகு முதலிலிருந்து பழக்க வேண்டும். அதற்கு ஏற்ற மெத்தென்ற தரை, சம்பா அறுவடை முடிந்து வயல் காயும்போதுதான் கிடைக்கும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் விடியற்காலையில் அறுத்த வயலில் பழக்கினால், அடுத்த தைக்கு அதே குதிரை வேறு குதிரையாக நிற்கும். முன்பணம் கட்டியிருந்தால் அது போகட்டும். சாலையின் இருபுறமும் சனம் நெருக்கி நிற்கிற இடத்தில் இந்தக் குதிரை மறுபடி ஓடினால், நிறுத்துவதற்கு மதகுச் சுவர்கூட அங்கே இருக்காது.

மகனை இந்தக் குதிரையின் வண்டியில் ஏற்ற வேண்டாம். ஆசையை முறிக்கவும் வேண்டாம். தினமும் கொள்ளு ஊறவைப்பது, புல் போடுவது, சாணத்தில் முழுக் கொள்ளு வருகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அவனிடம் கொடுங்கள். தரையில் கையில் பிடித்து நடத்தும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து அவனையும் ‘நில்’ சொல்லப் பழக்குங்கள். தலைக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். பின்னங்கால் பக்கம் நிற்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குதிரையை வாங்கிய அந்தியூர் வியாபாரியின் தொடர்பு இன்னும் இருந்தால், முன்பு எந்தக் கடிவாளத்தில் ஓட்டினார்கள், எப்போதாவது வண்டியோடு கவிழ்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் வாயைப் பார்த்து எழுதிக் கொடுப்பதையும், குச்சியில் எடுத்த அளவையும் எனக்கு அனுப்புங்கள். இரும்பின் அகலத்தையும் தடிமனையும் சரியாகக் கணக்கிட்டுச் சொல்கிறேன். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.